மூடிய வினாவும் திறந்த அவையும்
(குவாண்டம் கொள்கை வரலாற்றில் ஒரு பகுதி)

1. முன்னுரை

ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்ட மாணவனும் காற்பங்கு புலமையே பெறுவன் என்றும், உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் நன்னூலார் பொதுப்பாயிரத்தில் வகுத்துரைப்பர். கற்றல் பற்றிய இவ்விதி, புதிய அறிவு தோன்றும் முறைக்கும் பொருந்துமா என்பது எண்ணத்தக்கது. அறிவியல் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் தனி அறிஞரையும் பெரிய ஆய்வுக்கூடங்களையுமே முன்னிறுத்துவர். விடை காணாத வினாக்களை ஆர்வம் ஒன்றே துணையாகக் கூடிப் பேசிய சிறு குழுக்கள் அவ்வரலாற்றில் ஓரத்திலேயே நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டு இயற்பியலில், முடிந்துபோனதாகப் பலர் கருதிய ஒரு வினா அழியாது நின்று பயன் தந்தமைக்கு இத்தகைய குழுக்களும் ஒரு காரணம் என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெர்ன் நகரத்து மூவர்

இவ்வகைக் குழுவுக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு, 1902-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பெர்ன் நகரில் தோன்றியது. வேலை தேடிக்கொண்டிருந்த ஐன்ஸ்டைன், கணிதமும் இயற்பியலும் கற்பிப்பதாக நாளிதழில் விளம்பரம் செய்தார். அதனைக் கண்டு வந்தவர் ருமேனிய நாட்டு மாணவர் மோரிஸ் சொலொவின். பாடம் விரைவில் உரையாடலாக மாறிற்று. கான்ராட் ஹபிஷ்ட் என்பாரும் வந்து சேர, மூவரும் தம் கூட்டத்துக்கு ‘ஒலிம்பியா கழகம்’ என்று விளையாட்டாகப் பெயரிட்டனர். ஹியூம், மாக், புவன்காரே முதலியோர் நூல்களைப் பகுதி பகுதியாகப் படித்து வாதிட்டனர். ஹியூம், மாக் ஆகியோரைப் படித்ததனால் தம் சிந்தனை கூர்மை பெற்றதெனப் பிற்காலத்தில் ஐன்ஸ்டைனே எழுதியுள்ளார். 1905-ஆம் ஆண்டில் தாம் எழுதிவந்த நான்கு கட்டுரைகளைப் பற்றி, ஊர் விட்டுச் சென்றிருந்த ஹபிஷ்டுக்கு அவர் மடல் வரைந்தார். அக்கழகம் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சார்ந்ததன்று என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத் தக்கது.

3. வினா மூடப்பட்டமை

1920-களில் உருவான குவாண்டம் கொள்கை, அணுவின் நடத்தையை மிக நுட்பமாகக் கணித்தது. எனினும் ஒரு வினா எஞ்சியது. அளப்பதற்கு முன்னரே துகளிடம் உறுதியான பண்பு உளதா, அன்றி அளத்தலாலேயே அது தோன்றுகிறதா? 1927-ஆம் ஆண்டு பிரசல்ஸ் நகரில் கூடிய சால்வே மாநாட்டில் ஐன்ஸ்டைன் தடைகளை எழுப்ப, நீல்ஸ் போர் விடையிறுத்தார். 1935-இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் குவாண்டம் கொள்கை முழுமையுடையதன்று என்று வாதிட்டுக் கட்டுரை வெளியிட்டனர். அதே ஆண்டில், அதே இதழில், அதே தலைப்பில் போர் மறுப்பு எழுதினார். போர் வென்றார் என்பதே பெரும்பாலோர் கொள்கையாயிற்று.

அக்கருத்துக்குக் கணித அரணாக அமைந்தது, 1932-இல் வெளிவந்த நூலில் ஃபான் நாய்மன் காட்டிய நிறுவல். புலப்படாத பண்புகளைக் கூட்டிக் குவாண்டம் கொள்கையை முழுமையாக்குதல் இயலாது என்பது அதன் முடிவு. அந்நிறுவலில் உள்ள ஓட்டையை 1935-ஆம் ஆண்டிலேயே கிரேட்டே ஹெர்மன் என்னும் பெண்பாலறிஞர் சுட்டினார். ஆனால் அவர் கட்டுரை மெய்யியலார் குழுவொன்றின் தொகுதியில் வெளிவந்தமையின் இயற்பியலார் அதனை நோக்கிற்றிலர். பிழையுடைய அரண் முப்பது ஆண்டுக் காலம் பிழையற்றதாகவே மதிக்கப்பட்டது. ஒரு துறை தன் எல்லைக்கு அப்பாலுள்ளார் கூறுவதைக் கேளாதிருப்பின் நேரும் இழப்பு யாது என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்றாகும்.

4. பெல் வகுத்த எல்லை

1952-இல் டேவிட் போம் என்பார் புலப்படாத பண்புகளை உடைய கொள்கையொன்றை அமைத்தே காட்டினார். அதனைக் கற்ற அயர்லாந்து அறிஞர் ஜான் பெல், 1964-ஆம் ஆண்டில் இவ்வினாவை ஆய்வுக்கூடத்தில் தீர்க்கத்தக்க வடிவில் அமைத்தார். ஒரே மூலத்தினின்று தோன்றி எதிரெதிர்த் திசைகளிற் செல்லும் இரு துகள்களை அளப்போமாயின், அவ்விரு விடைகளுக்கும் ஒருவகை ஒப்புமை காணப்படும். துகள்கள் தம் விடைகளை முன்னரே தாங்கி வருமாயின், ஓரிடத்து அளவீடு மற்றோரிடத்தைத் தாக்காதாயின், அவ்வொப்புமை ஓர் எல்லையைக் கடவாது. குவாண்டம் கொள்கையோ அவ்வெல்லை கடக்கப்படும் என்கிறது. இக்கட்டுரை வெளிவந்த இதழ் சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. கட்டுரையும் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1969-இல் கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகிய நால்வர் பெல்லின் கருத்தைச் சோதனைக்கு ஏற்றவாறு திருத்தி அமைத்தனர். 1972-இல் பெர்க்லி நகரில் ஃபிரீட்மனும் கிளாசரும் கால்சியம் அணுக்கள் வெளிவிட்ட ஒளித்துகள்களைக் கொண்டு சோதித்தனர். எல்லை கடக்கப்பட்டமை கண்டனர். அச்சோதனைக்குப் பின்னரும் கிளாசருக்கு நிலையான பேராசிரியர் பதவி கிட்டவில்லை. அடிப்படை வினாக்களை ஆராய்தல் மெய்யான இயற்பியல் அன்று என்னும் எண்ணம் அக்காலத்தில் அத்துணை வலிமை பெற்றிருந்தது.

5. கைப்படிகளும் வெள்ளிக்கிழமைக் கூட்டமும்

மதிப்புடைய இதழ்கள் இடந்தராதபோது ஆர்வலர் தாமே இடம் அமைத்துக்கொண்டனர். 1973 முதல் 1984 வரை சுவிட்சர்லாந்து நாட்டுப் பீல் நகரிலிருந்து ‘அறிவாய்வு மடல்கள்’ எனத்தகும் பெயருடைய வெளியீடு ஒன்று வந்தது. அது தட்டெழுத்தில் அமைந்து, படியெடுத்து அனுப்பப்பட்டது. முடிவுறாத எண்ணங்களையும் அஞ்சாது எழுதலாம். அடுத்த மடலில் பிறர் மறுக்கலாம். பெல் தம் கட்டுரையொன்றை 1976-இல் இதிலேயே வெளியிட்டார். அதன்மேல் ஷிமோனி, ஹார்ன், கிளாசர் ஆகியோர் தடை எழுப்ப, பெல் விடையிறுத்தார். நூலும் உரையும், மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக வளர்வதை அறிந்த நமக்கு இம்முறை புதியதன்று.

1975-ஆம் ஆண்டில் எலிசபெத் ராஷர், ஜார்ஜ் வைஸ்மன் ஆகிய மாணவர் இருவர் பெர்க்லியில் மற்றொரு குழுவைத் தொடங்கினர். வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் கூடிய அவ்வவையில் முறையான வேலையில்லாத இயற்பியற் பட்டதாரிகளும் இருந்தனர், கிளாசரும் வருவார். பெல்லின் தேற்றமே அவர்தம் பேச்சின் நடுப்பொருளாயிற்று.

6. பிழை பயந்த பயன்

அக்குழுவினருள் ஒருவரான நிக் ஹெர்பெர்ட், ஒளியினும் விரைந்து செய்தி அனுப்பும் கருவியொன்றைக் கருத்தளவில் அமைத்து 1981-இல் கட்டுரையாக்கினார். ஒற்றை ஒளித்துகளின் நிலையைப் பல படிகளாக்குதல் கூடும் என்பது அதன் அடிப்படை. அம்முடிவு சார்புக் கொள்கைக்கு முரணாதலின் எங்கோ பிழை உளது என்பது தெளிவு. எங்கு என்பது தெளிவன்று. கட்டுரையை மதிப்பிட்ட ஆஷர் பெரஸ், பிழையுடையது என்று அறிந்தே வெளியிடப் பரிந்துரைத்தார். பிழையைத் தேடுவோர் புதியது காண்பர் என்பது அவர் கருத்து. மற்றொரு மதிப்பீட்டாளரான கிரார்டி, பிழையின் இடத்தையே சுட்டி மறுத்தார். 1982-இல் வூட்டர்ஸ், சூரெக் ஆகிய இருவரும், தனித்து டீக்ஸ் என்பாரும், அறியப்படாத குவாண்டம் நிலையைப் படியெடுத்தல் இயலாது என்று நிறுவினர்.

ஏட்டைப் படியெடுப்பார் மூலத்தைச் சிதைக்காமல் எத்துணைப் படியும் எடுக்கலாம். குவாண்டம் நிலைக்கு அஃது இயலாது. 1984-இல் பென்னெட், பிரசார் ஆகியோர் வகுத்த மறைச்செய்தி முறையின் காவல் இவ்வுண்மையைச் சார்ந்தே நிற்கிறது. செய்தியை இடையில் ஒட்டுக் கேட்பான் அதனைப் படியெடுக்க முயலின் தடயம் விட்டே தீர்வான்.

7. ஒரு தடையும் விடையும்

பெல்லும் கிளாசரும் முறையாகப் பயின்ற இயற்பியலார். சோதனை நிகழ்ந்ததும் ஆய்வுக்கூடத்திலேயே. ஆதலின் ஆர்வலர் குழுக்களுக்கு இத்துணைச் சிறப்பளித்தல் பொருந்தாது என்பார் கூறலாம். பெர்க்லிக் குழுவினர் மனத்தால் பொருளை அசைத்தல் போன்ற, சான்று கிட்டாத செய்திகளிலும் பொழுது போக்கினர் என்பதும் உண்மையே. இத்தடையில் பாதி ஏற்கத்தக்கது. கூட்டத்தின் ஆர்வம் சோதனையின் கண்டிப்புக்கு மாற்றாகாது. ஹெர்பெர்ட்டின் கட்டுரை தானே உண்மையாகிவிடவில்லை. அதனை மறுத்தோரின் கணிதமே உண்மை தந்தது. ஆயினும் மறுத்தற்குரிய வினாவை எழுப்பியது அவ்வவையே. துறைக்குள்ளார் கேட்க நாணிய வினாவைக் கேட்கும் துணிவும், விடையைச் சோதிக்கும் பொறுமையும் ஒருங்கே வேண்டும் என்பதே இவ்வரலாறு காட்டும் முடிவு.

8. முடிவுரை

2015-ஆம் ஆண்டில் சோதனைகளின் முதன்மையான ஓட்டைகள் அடைக்கப்பட்டன. 2022-இல் கிளாசர், ஆஸ்பெ, சைலிங்கர் ஆகிய மூவர்க்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பெல் 1990-இலேயே மறைந்துவிட்டார். எனினும் அளத்தலால் நிகழ்வது யாது என்னும் முதல் வினா இன்றும் ஒருமுகமான விடை பெறவில்லை. பயனற்றது என்று ஒரு தலைமுறை ஒதுக்கிய வினாவினின்றே அடுத்த தலைமுறையின் ஆய்வு கிளைத்தது. ஆராய்ச்சித் துறை எதுவாயினும், முடிந்தது என்று எழுதிவைத்த இடங்களை மாணவர் மீண்டும் கூடிப் பேசுதற்கு ஓர் அவையேனும் இருத்தல் வேண்டும். அவ்வவை இல்லாத துறையில் பிழையான நிறுவலும் முப்பது ஆண்டுகள் ஆட்சி செய்யும்.