இரண்டகம்

‘துரோகம்’ வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் வேரான ‘துருஹ்’ தீங்கு நினைப்பதைக் குறிக்கும். தீங்கு பகைவனும் நினைப்பான். தமிழின் ‘இரண்டகம்’ அப்படியல்ல. இரண்டு, அகம் எனப் பிரியும் இச்சொல் தீங்கைச் சொல்லவில்லை, பிளந்த உள்ளத்தைச் சொல்கிறது. ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம்’ என்கிறோம். எதிரி வீட்டுக்கு இரண்டகம் செய்ய யாராலும் முடியாது. சோறிட்ட உறவு ஒன்று இருந்தால்தான் இச்சொல்லுக்கு இடமே உண்டு.

உள்ளம் இரண்டுபட்டாலே இரண்டகம் ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. கம்பனின் கும்பகருணன் அண்ணன் இராவணன் செய்தது பிழை என்று அறிந்தவன், அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னவன். ஆனாலும் அவனுக்காகவே போருக்குப் போய் மடிகிறான். நெஞ்சு பிளந்ததுதான், ஆனால் எந்தப் பாதியையும் அவன் ஒளிக்கவில்லை. மறைப்புதான் இச்சொல்லின் உயிர். அதனால் இன்னொரு தம்பி வீடணனையும் இச்சொல்லால் சுட்ட எனக்கு மனம் வரவில்லை. இராவணன் பக்கம் நின்று பார்த்தால் அவன் செய்தது துரோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் இடித்துரைத்தான், விரட்டப்பட்டான், பிறகே இராமனிடம் போனான். இலங்கையின் படைபலத்தை அங்கே அவன் விரித்துச் சொன்னபோது, அண்ணன் வீட்டுச் சோற்றை உண்டுகொண்டிருக்கவில்லை.