பிடிக்காமல் இழுத்த கதை

விமான் நகரில் நான் குடியிருக்கும் தெருவில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருக்கிறது. அதன் ஓரத்தில், சோதனைக்கான கான்கிரீட் கனசதுரங்கள் நீர்த்தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கின்றன. அவை சொல்லப்போவது அமுக்கவலிமையை மட்டுமே. கான்கிரீட் விரிசல் விடுவதோ பெரும்பாலும் இழுவிசையால். அதன் இழுவலிமை அமுக்கவலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அந்தச் சிறிய எண்ணை அளக்கப் பொறியியல் நெடுங்காலம் திணறியது.

19ஆம் நூற்றாண்டில் சிமென்டை எட்டு வடிவக் கட்டிகளாக வார்த்து, இரு முனைகளையும் கவ்விகளால் பற்றி இழுத்தனர். மென்னெஃகு சற்றே நெகிழ்ந்து, பிடியின் கோணலைப் பொறுத்துக்கொள்ளும். நொறுங்கும் பொருளுக்கு அந்தப் பொறுமை இல்லை. பிடி சிறிது விலகினாலும் இழுப்போடு வளைவும் சேரும். கவ்விய இடத்தில் தகைவு குவியும். கண்ணுக்குப் புலப்படாத கீறல்களே கண்ணாடியின் வலிமையைக் குறைக்கின்றன என்று கிரிஃபித் 1921இல் விளக்கியபின் ஐயம் மேலும் கனத்தது. கிடைத்த எண் பொருளுடையதா, கருவியுடையதா?

விடை சிறந்த கவ்வியிலிருந்து வரவில்லை. ரியோ டி ஜெனீரோவில் புதிய பெருஞ்சாலைக்கு இடையூறாக நின்ற சாவ் பெத்ரோ தேவாலயத்தைக் கான்கிரீட் உருளைகள்மீது நகர்த்தத் திட்டமிட்டனர். அவ்வுருளைகளைப் பக்கவாட்டில் அழுத்திச் சோதித்தபோது அவை நெட்டுக்குத்தாகப் பிளந்தன. அந்தப் பிளவில் இழுவிசையைக் கண்டார் லோபோ கார்னெய்ரோ. 1943இல் அவர் அதையே சோதனை முறையாக முன்வைத்தார். ஜப்பானில் அகசாவாவும் அதே ஆண்டில் தனியே அம்முறையை எட்டினார். கருவி எளியது: அமுக்கப் பொறியே போதும், கவ்வி வேண்டாம். தேவாலயம் நகரவில்லை, இடிக்கப்பட்டது. சோதனை மட்டும் உலகெங்கும் நகர்ந்தது. இந்தியாவில் 1970இல் அது ஐ.எஸ். 5816 என்னும் தரநிர்ணயமாயிற்று.

ஆயினும் பழைய ஐயம் வேறு வடிவில் திரும்பியது. தட்டையான தகடுகளுக்கிடையே அழுத்தினால், தொடும் கோட்டிலேயே தகைவு குவிந்து, விளிம்பிலிருந்து பிளவு தொடங்கக்கூடும். ஆகவே கான்கிரீட்டுக்கு இடையில் மெல்லிய பட்டைகள் வைக்கப்பட்டன. பாறைக்கோ, 1978இல் பன்னாட்டுப் பாறை இயக்கவியல் சங்கம் வளைந்த தாடைகளைப் பரிந்துரைத்தது. அவற்றின் ஆரம் மாதிரியின் ஆரத்தைப்போல் ஒன்றரை மடங்கு. புணேயின் கருங்கல்லாகிய பசால்ட்டைச் சோதிப்போருக்கும் இது பொருந்தும்.

இவ்வரலாறு ஆய்வு மாணவருக்குச் சொல்வது ஒன்று. பிளவு நடுவிலிருந்து தொடங்கினால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். ஆகவே ஆய்வேட்டில் இழுவலிமையை எழுதும்போது, எத்தகைய தாடையில் அழுத்தினோம், பிளவு எங்கே தொடங்கியது என்பதையும் எழுதுவோம். அது இல்லாத எண், உடைந்த கல்லைப் பற்றியதா உடைத்த கருவியைப் பற்றியதா என்பதைப் பின்வருவோர் அறிய வழியில்லை.