அசையாதே என்னும் ஆணை



அண்மையில் முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அரைமணி நேரம் படுத்திருந்தேன். குறுகிய குழாய், காதை அடைத்த பின்னும் ஓயாத தட்டொலி. “அசையாதீர்கள்” என்பது மட்டுமே எனக்குச் சொல்லப்பட்டது. ஆபத்தென்றால் அழுத்தும்படி கையில் கொடுத்த ரப்பர்க் குமிழே துணை. ஐம்பதைக் கடந்த எனக்கே நெஞ்சு படபடத்தது. குழந்தைகள் என்ன செய்வார்கள்? அக்கேள்வியே என்னை இவ்வரலாற்றைத் தேட வைத்தது.

1971 அக்டோபர் 1ஆம் நாள், இலண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. நீர் நிறைந்த பெட்டிக்குள், ரப்பர் உறை சூழத் தலையை வைத்திருக்க வேண்டும். பின்வந்த கருவிகளில் அந்த நீர்ப்பெட்டி நீங்கியது.

1977 ஜூலை 3ஆம் நாள், நியூயார்க்கில் ரேமண்ட் டமேடியன் குழுவினர் மனித மார்பின் குறுக்குவெட்டுப் படத்தை எம்.ஆர்.ஐ. முறையில் எடுத்தனர். அந்த ஒரு படத்துக்காக லாரி மின்காஃப் என்னும் உதவியாளர் ஏறத்தாழ 5 மணி நேரம் கருவிக்குள் இருந்தார்.

காலப்போக்கில் நேரம் குறைந்தது, 60 செ.மீ. குழாய் 70 செ.மீ. ஆகவும் அகன்றது. அச்சம் மட்டும் அகலவில்லை.

ஜி.இ. நிறுவனத்தின் வடிவமைப்பாளர் டக் டீட்ஸ், தாம் உருவாக்கிய எம்.ஆர்.ஐ. கருவியைக் கண்டு ஒரு சிறுமி அழுவதை நேரில் பார்த்தார். அசைந்தால் படம் கலங்கிவிடும். ஆகவே அஞ்சும் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பர் என்பதை அன்றுதான் அறிந்தார். அவர் பொறியின் உள்ளமைப்பை மாற்றவில்லை. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் படமெடுக்கும் அறைகள் கடற்கொள்ளையர் கப்பலாகவும் விண்கலமாகவும் உருமாறின. பணியாளர்களும் கதை சொல்லக் கற்றனர். தட்டொலி பெருகுமுன், “விண்கலம் வேகமெடுக்கப் போகிறது, கவனமாகக் கேள்” என்பார்கள். மயக்க மருந்தின் தேவை பெரிதும் குறைந்தது.

இதைப் படித்தபோது என் பள்ளியே நினைவுக்கு வந்தது. பல் மருத்துவத் தாதியர் வரும் நாள்களில், அழும் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, “வாயைத் திற, அசையாதே” என்றே இத்தனை ஆண்டுகளும் சொல்லி வந்திருக்கிறேன். அச்சத்தை அடக்க ஆணையிட்டேனே தவிர, அடுத்து என்ன நடக்கும், எந்த ஒலி ஏன் எழும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த முறை அவர்கள் வருமுன், அந்த நாற்காலிக்கும் ஒரு கதை எழுதி வைப்பேன்.