பெயர்ப் பரிச்சயமும் வாக்காளர் விருப்பமும்: வர்ஜீனியா, 2014

தேர்தலுக்குப் பல வாரங்களுக்கு முன்பே எடுக்கப்படும் கருத்துக் கணிப்பு ஜனங்களின் அபிப்பிராயத்தை அளந்து சொல்வதாகப் பொதுவில் நம்பப்படுகிறது. ஆயினும், அபேட்சகர்களைப் பற்றி இன்னும் யோசிக்கவே தொடங்காத ஒருவரிடம் யாருக்கு வாக்களிப்பீர் என்று கேட்டால், அவர் நாவில் முதலில் வருவது தாம் பலகாலம் கேட்டுப் பழகிய பெயராகத்தான் இருக்கும். பொதுத் தேர்தலிலாவது புதியவருக்குக் கட்சி என்னும் அடையாளம் துணை நிற்கிறது. ஒரே கட்சிக்குள் நடக்கும் முதனிலைத் தேர்தலில் அத்துணையும் இல்லையாதலால், அங்கே முன்கூட்டி எடுக்கப்படும் கணிப்பு பெரும்பாலும் பரிச்சயத்தின் கணக்கே என்பது என் வாதம்.

2014 ஜூன் 10 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில ஏழாவது தொகுதியில் நடந்த குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தல் இதற்குத் தக்க சான்று. பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராயிருந்த எரிக் கான்டரை எதிர்த்து நின்றவர், ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியின் பொருளாதாரப் பேராசிரியர் டேவ் பிராட். கான்டர் தரப்பு எடுப்பித்த கணிப்பு, தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில், அவருக்கு 62 சதவீதமும் பிராட்டுக்கு 28 சதவீதமும் ஆதரவு உண்டென்று கூறிற்று. வாக்குகளை எண்ணியபோது பிராட் 55.5 சதவீதம் பெற்று வென்றார். 1899இல் உண்டான அப்பதவியை வகித்த ஒருவர் முதனிலைத் தேர்தலில் தோற்றது அதுவே முதல் தடவை. செலவிலோ இருவருக்கும் ஒப்பீடே இல்லை: ஸ்டேக் என்னும் மாட்டிறைச்சி உணவுக்குப் பேர்போன விடுதிகளில் மட்டும் கான்டரின் பிரசாரக் குழு செலவிட்ட 1,68,000 டாலருக்கும் மேலான தொகை, பிராட் தேர்தலுக்குமுன் கணக்குக் காட்டிய மொத்தச் செலவையே மிஞ்சியிருந்தது.

கணிப்பு பொய்த்ததற்கு, எதிர்க்கட்சியார் திரளாக வந்து வாக்களித்ததே காரணமென்று ஒரு சமாதானம் அப்போது சொல்லப்பட்டது. வர்ஜீனியாவில் எக்கட்சியாரும் அத்தேர்தலில் கலந்துகொள்ளலாம் என்பதும், 2012இல் சுமார் 47,000ஆக இருந்த வாக்குகள் இம்முறை 65,000ஆக உயர்ந்தன என்பதும் மெய்யே. வாக்களிக்கக்கூடியவர் இன்னாரென்று முன்னரே வரையறுத்துக்கொண்டு விசாரிக்கும் கணிப்பில், புதிதாக வருகிறவருக்கு இடம் குறைவென்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இச்சமாதானம் பாதி வழிதான் செல்கிறது. 2012இல் 37,000க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்ற கான்டர், மொத்த வாக்கு பெருகிய இத்தேர்தலில் 29,000ஐக்கூட எட்டவில்லை. அவருடைய பழைய ஆதரவாளர் பலர் வராமலோ மாறியோ போயிருந்தால் ஒழிய இது நேர்ந்திராது. பிராட்டைத் தாராளவாதப் பேராசிரியரென்று தாக்கிக் கான்டர் செய்த தொலைக்காட்சி விளம்பரங்களே, அதுவரை பலர் அறியாதிருந்த அப்பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. பெயர் தெரிந்த மாத்திரத்தில், பரிச்சயத்தால் கிடைத்த மேம்பாடு கரைந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

இதுபோன்றே 2018இல் நியூயார்க்கின் பதினான்காவது தொகுதியில் நடந்த முதனிலைத் தேர்தலில், பத்து முறை வென்றிருந்த ஜோ கிரௌலியின் சொந்தக் கணிப்பு, முப்பது வயதுகூட நிரம்பாத அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸைக் காட்டிலும் அவர் 36 புள்ளிகள் முன்னே இருப்பதாகச் சொல்லிற்று. முப்பதாயிரத்துக்கும் குறைவானோர் வாக்களித்த அத்தேர்தலில் கிரௌலியும் தோற்றார்.

பதவியிலிருப்பவரே பெரும்பாலும் வெல்கிறார், ஆகவே கணிப்பும் பெரும்பாலும் பலிக்கிறதன்றோ என்று கேட்கலாம். பலிக்கிறதுதான், ஆனால் அது எவ்வாறு பலிக்கிறது என்பதே விசாரிக்கத்தக்கது. 34 புள்ளிகள் பின்தங்கியவருக்கு நன்கொடை தர எவரும் முன்வருவதில்லை. பத்திரிகை நிருபர் அவர் கூட்டத்துக்குச் செல்வதில்லை. ஆகவே வாக்காளர் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. கேளாத ஒருவருக்கு வாக்களிப்பதுமில்லை. இவ்வாறு தான் உண்டாக்கிய நிலையையே தன் மெய்ம்மைக்குச் சாட்சியாகக் காட்டும் எண்ணை நிரூபணமென்று ஏற்பது, பேசும் வாய்ப்பே பெறாத அபேட்சகருக்கு மட்டுமன்றி, அவரைக் கேட்டறியும் உரிமையுள்ள வாக்காளருக்கும் இழைக்கும் அநீதியாகும்.

கணிப்பை நம்பியவர்களுள் கான்டரும் ஒருவர். வாக்குப்பதிவு நாளன்று காலை, தொகுதியில் ஜனங்கள் சாவடிகளுக்குச் சென்றுகொண்டிருக்கையில், அவர் வாஷிங்டனில் ஒரு காப்பிக் கடையில் நிதி திரட்டும் கூட்டத்தில் அமர்ந்திருந்தார்.