நட்டு கழற்றினால் பிரியும் கார்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஸ்ரீராம் கேட்வே வளாகம் நிற்கிறதே, அந்த நிலத்தில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள். அங்கே தினமும் ஐ.டி. வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று பெயர். சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கைகோத்து 1948ல் தொடங்கியது. 1988ல் உற்பத்தி நின்றது. நடுவில் வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட், ஹெரால்டு, கேஸல், கடைசியாக ஸ்டாண்டர்டு 2000 என்று வரிசையாக வண்டிகள் இந்தச் சாலையில் இறங்கின. இதில் எனக்கு உயிர் ஹெரால்டுதான். சேலையூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பாதி பிரித்த நிலையில் கிடந்த ஹெரால்டு ஒன்றை வாங்கி, பெருங்களத்தூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கொண்டுவந்த வேலைதான் இந்தக் காரின் வரலாற்றை எனக்குச் சரியாகப் புரிய வைத்தது.

நம் ஊரில் கார்த் தொழில் தொடங்கியதே பெட்டியில் வந்த கார்களை வைத்துத்தான். முழுக் காராகக் கப்பலேற்றினால் உள்ளே காற்றுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும், சுங்கவரியும் அதிகம். அதனால் இன்ஜின், கியர்பாக்ஸ், தகடுகள், கண்ணாடி என்று தனித்தனியாக மரப்பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். துறைமுகத்தில் இறக்கி இங்கே பூட்டினார்கள். சி.கே.டி. என்று ஆலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே பம்பாய் சீவ்ரியில் இப்படிப் பூட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு, அதே 1948ல், வடக்கே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 பூட்டத் தொடங்கப்பட்டது. தெற்கே நம் பெருங்களத்தூரில் வேன்கார்டு.

வெறுமனே பூட்டிக்கொண்டே இருக்க அரசு விடவில்லை. 1953ல் சுங்கவரிக் கமிஷன் அறிக்கை வந்தது. உள்நாட்டில் உதிரிபாகம் செய்யும் திட்டம் உள்ளவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் கடையைக் கட்டலாம் என்று ஆகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. ஸ்டாண்டர்டு நிலைத்து நின்றது. அது நிலைத்ததற்குப் பின்னால் சென்னையின் உதிரிபாக ஆலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949லேயே இருந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ் டி.வி.எஸ். 1961, பிரேக்ஸ் இந்தியா 1962 என்று அடுத்தடுத்து எழுந்தன. கார் ஆலை இருந்ததால் இவை வளர்ந்தன, இவை வளர்ந்ததால் கார் ஆலை பிழைத்தது.

1961ல் ஹெரால்டு இங்கே வந்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959 ஏப்ரலில் வெளியிட்ட வண்டி. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. அழகான கார். ஆனால் அதன் உண்மையான விசேஷம் அழகில் இல்லை, உடம்பில் இருக்கிறது. ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை 1953ல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. மற்றவர்களெல்லாம் சேஸிஸும் பாடியும் ஒன்றான ஒற்றைக் கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஒரு முழுக் கூட்டை அடித்துத் தர ஸ்டாண்டர்டுக்கு ஆள் இல்லை. வேறு வழியின்றிப் பழையபடி தனிச் சேஸிஸ் போட்டார்கள். பாடியைத் துண்டு துண்டாகப் பல பட்டறைகளில் அடித்து வாங்கி போல்ட்டால் பூட்டினார்கள். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்த முழு பானெட், நடுவே டேஷ்போர்டுப் பகுதி, பின்னால் ஒரு தொட்டி, மேலே கூரை, எல்லாம் தனித்தனி. கூரையைக் கழற்றினால் கார் ஓப்பன் டாப் ஆகிவிடும். இங்கிலாந்தில் கையைப் பிசைந்துகொண்டு செய்த ஏற்பாடு, பெட்டியில் அடைத்துக் கடல் கடந்து அனுப்ப மிகவும் தோதாக அமைந்துவிட்டது.

இங்கே வந்தபின் உள்ளூர்ப் பாகங்கள் கூடிக்கொண்டே போய், அறுபதுகளின் முடிவில் கிட்டத்தட்ட முழுக் காரும் நம் நாட்டுச் சரக்காகிவிட்டது. இன்ஜின் மட்டும் கடைசிவரை அதே 948 சி.சி. நம் குடும்பங்களுக்கு இரண்டு கதவு போதாது என்று நாலு கதவு ஹெரால்டும் செய்தார்கள். அது இங்கிலாந்தில்கூட இல்லாத வண்டி.

என்னுடையது இரண்டு கதவு. பழைய சொந்தக்காரர் புதுப்பிக்க ஆரம்பித்து, பாதியில் காலமாகிவிட்டார். இன்ஜின் லாரி டயர் மேல், பானெட் சுவரில் சாய்த்து, கண்ணாடிகள் பழைய வேட்டியில் சுற்றிப் பரண் மேல். ஆர்.சி. புத்தகத்தை அவர் மனைவி பூஜை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். அந்த அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் இத்தனையும் வெறும் இரும்பு.

காரைப் பிரித்து எடுத்துவரக் கூட வந்தவர் எண்பதைத் தொட்ட பெரியவர். ஸ்டாண்டர்டில் பாடி பூட்டும் பிரிவில் ஃபிட்டராக இருந்தவர். என் பெட்டியிலிருந்த 13 எம்.எம். ஸ்பேனரைப் பார்த்ததுமே, “தம்பி, அதை உள்ள வை” என்றார். ஹெரால்டின் போல்ட்டுகள் இஞ்சு கணக்கு. அரை இஞ்சு என்பது 12.7 எம்.எம். பதிமூன்று போட்டால் பிடித்த மாதிரி இருக்கும், அழுத்தினால் வழுக்கி மூலை மழுங்கிவிடும். அறுபது வருஷத் துருப்பிடித்த போல்ட்டு மழுங்கினால் அப்புறம் வெட்டத்தான் வேண்டும்.

கதவைக் கழற்றுமுன் கதவுத் தூண் இரண்டுக்கும் நடுவே ஆங்கிள் இரும்பைக் குறுக்கே வைத்து வெல்டு அடிக்கச் சொன்னார். கூரையும் கதவும் போனபின் பின்தொட்டியைத் தூக்கினால் அது விரிந்துவிடும், பிறகு எந்தக் கதவும் சாத்தாது. அதன்பிறகு அவர் செய்ததுதான் என்னைக் கட்டிப்போட்டது. பாடி சேஸிஸில் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பருக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருந்தன. ஷிம் என்பார்கள். ஒரு மூலையில் இரண்டு, எதிர் மூலையில் நாலு, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனி கவரில் போட்டு, இடம் எழுதி ஒட்டச் சொன்னார். சேஸிஸுக்குச் சேஸிஸ் நூலிழை வித்தியாசம் இருக்கும், எங்கே எத்தனை தகடு என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது என்றார். கதவு இடுக்கைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, ஃபிட்டர்தான் முடிவு செய்வார். ஸ்டாண்டர்டு காரை எங்கும் பேர் போடாத அந்தக் கைகள் எப்படிச் செய்தன என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறதோ இல்லையோ, அந்தக் கவர்களில் இருக்கிறது.

பானெட், கதவு, சீட்டு, கண்ணாடி எல்லாம் குட்டி யானையில் ஏறின. பின்தொட்டி தனி நடை. சேஸிஸை ரெக்கவரி வண்டியில் தூக்கியபோது பின்சக்கரங்கள் இரண்டும் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. நான் பதறினேன். “அதோட சுபாவம் அப்படி” என்றார். ஹெரால்டின் பின்அச்சு நடுவில் மூட்டுள்ள ஸ்விங் ஆக்ஸில். பாரம் இறங்கினால் சக்கரம் மடங்கும், கீழே வைத்துக் கொஞ்சம் உருட்டினால் நிமிரும். நம் மெக்கானிக்குகளுக்கு இது பிடிக்கவே இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த கேஸலில் அதை எடுத்துவிட்டு ஒற்றை அச்சு போட்டார்கள். பட்டையைச் சேஸிஸில் கட்டாதே, சக்கரத்தில் கட்டு என்று பெரியவர் சொன்னபடி கட்டினோம். கேம்ப் ரோடு, தாம்பரம் மேம்பாலம், இரும்புலியூர் வழியாக ஆடாமல் அசங்காமல் வந்து சேர்ந்தது.

பெட்டியில் வந்து பூட்டுவது இந்தச் சாலையில் இன்றும் முடிந்துவிடவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்களைப் பூட்டுகிறார்கள். திரும்பி வந்து மறைமலைநகரில் ஆலை போட்ட ஃபோர்டோ கடைசிக் காரை 2022ல் செய்து முடித்தது. இவையெல்லாம் செய்தித்தாளில் வந்திருக்கின்றன, தேடினால் கிடைக்கும். பெருங்களத்தூர் ஃபிட்டர்கள் சொல்வதை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதினால்தான் உண்டு. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆலையின் பழைய கையேடோ, படமோ வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது சேஸிஸ் பம்மலில் வெல்டிங் பட்டறையில் இருக்கிறது. பாடியைத் தாங்கும் பக்கக் கைகள் துருவேறிப் போயிருந்தன, வெட்டிப் புதிது வைக்கிறார்கள். முடிந்ததும் கவரில் இருக்கும் தகடுகளை அதனதன் இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“வெல்டு அடிச்சப்புறம் பழைய கணக்கு செல்லாது தம்பி. தகடு அதேதான், இடம் மாறும். மொதல்லேருந்து பாக்கணும். கண்ணு ஆபரேஷனுக்குத் தை மாசம் தேதி குடுத்திருக்கான், அது முடிஞ்சதும் வரேன். அதுவரைக்கும் யாரையும் பாடியை ஏத்த விடாதே.”