சின்னப்பாலத்துப் பாசி

பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள். மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். பாறை விரலைக் கிழிக்கும். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, மற்ற நாளில் தழைக்க விட்டுவிடுவது என்பது அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பாசியையும் அதை எடுப்போரின் உரிமையையும் காக்கப் பாடுபட்ட இவ்வூர் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

கரையில் காய்ந்த பாசி வியாபாரிகள் கைமாறி மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்குப் போகிறது. கழுவி, வேகவைத்து, வடிகட்டிய சாறு ஆறியதும் இறுகும். அதை உறையவைத்து உருக்கினால் நீர் பிரிந்து அகர் மிஞ்சும். பெரும்பங்கு உணவுக்குத்தான். நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் பால் சேர்த்துச் செய்யும் கடல்பாசி இந்த அகர்தான்.

கொஞ்சம் ஆய்வகங்களுக்குப் போகிறது. அந்த வழியைத் திறந்தவர் ஒரு பெண். 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் காக்கிடம் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸே, பாக்டீரியா வளர்க்கும் ஜெலட்டின் இளகிப்போவதால் திண்டாடினார். சமையலில் அகரைப் பழகியிருந்த அவர் மனைவி ஃபானிதான் அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இறுகிய அகர் மறுபடி உருக ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்னவும் முடியாது.

மரபணு மாற்றும் வேலைக்கு அகரின் இந்தக் குணம் எவ்வளவு உதவுகிறது என்று பாருங்கள். 1982இல் பின்லாந்தின் இல்க்கா பால்வா, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியின் மரபணுவை பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்தார். டிஎன்ஏவைத் துண்டாக்கி, பியூபி110 என்ற பிளாஸ்மிடில், அதாவது சிறு டிஎன்ஏ வளையத்தில், ஒட்டி, அமைலேஸ் சுரக்காத பேசில்லஸ் சப்டிலிஸுக்குள் செலுத்தினார். புதிய பாக்டீரியா, மரபணு தந்த பாக்டீரியாவைவிட 5 மடங்கு நொதி சுரந்தது. இன்று துணி ஆலைகளில் நூலின் கஞ்சியை நீக்குவதும் அமைலேஸ்தான்.

ஆயிரக்கணக்கான பாக்டீரியாத் திட்டுகளில் மரபணு எதில் சேர்ந்தது என்று எப்படி அறிவது? கல்லூரி ஆய்வகத்திலும் செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு. அகரோடு மாவுச்சத்தைக் கலந்து தட்டில் ஊற்றி, திட்டுகள் வளர்ந்தபின் அயோடின் தெளிக்க வேண்டும். தட்டு முழுக்கக் கருநீலமாகும். அமைலேஸ் சுரக்கும் திட்டைச் சுற்றி மட்டும் வெளிர் வளையம் தெரியும். மாவுச்சத்தைக் கரைத்த நொதி அகரைத் தொடவே இல்லை என்பதால்தான் அந்த வளையம் கலையாமல் நிற்கிறது.

இந்தப் பாசியைப் பறிக்கும் பெண்களுக்கோ கடலில் நிம்மதி இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே நுழையத் தடை. காப்பாற்ற வேண்டிய கடல்தான், மறுப்பில்லை. ஆனால் அதைத் தலைமுறையாகப் பேணியவர்களைக் குற்றவாளிகளாக நடத்துவது நியாயமல்ல. அவர்களையும் மீனவர்களாக ஏற்று, அடையாள அட்டை கொடுத்து, பாசிக்கு நியாய விலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும்.