கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்கள்

குறைமாதக் குழந்தையைப் பெற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதே மருத்துவ விதியென்று எண்ணுகிறோம். தொடக்கத்தில் அப்படி இல்லை. 1880களில் பாரிசில் தார்னியே அடைகாப்புப் பெட்டியைப் புகுத்தினார். அவர் வழிவந்த பியேர் புதான், விலக்கிவைத்தால் தாயின் பற்றே தளர்ந்துவிடும் என அஞ்சி, தாய்மாரை உள்ளே வரவழைத்தார். இருபதாம் நூற்றாண்டு மருத்துவமனைகளோ தொற்றுக்கு அஞ்சிக் கதவடைத்தன.

அக்கதவை மீண்டும் திறந்தது வறுமை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டிகள் போதாமையால், எட்கர் ரே சனாப்ரியா குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைத்தார். கங்காரு முறை என்று நாம் அழைப்பது இதையே. 2021இல் ஐந்து நாடுகளின் ஆய்வொன்று வெளியாயிற்று. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஒரு களம். 1 கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குள் பிறந்தவர்களை உடனே அணைத்தபோது, 28 நாள்களுக்குள் இறந்தோர் 12 விழுக்காடு. வழக்கமான முறையில் 15.7. தாய்க்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் இடவேண்டியிருந்தது. தாய் இயலாதபோது உறவினர் அணைத்தனர். ஒரு கிலோவும் எட்டாத இரட்டையருக்கு இவ்வெண்கள் அப்படியே பொருந்தா.

பெருமாட்டியில் இரட்டையர் முன்கூட்டிப் பிறந்தால் பாலக்காட்டுக்கோ கோவைக்கோ விரையவேண்டும். இரு பெட்டிகள், தாயோ அறுவை முடிந்து வேறொரு கட்டிலில். தந்தைக்கும் பாட்டிக்கும் அங்கே ஒரு நாற்காலியேனும் போடப்படுகிறதா?